பெங் எதையும் விடவில்லை

யீஷூனில் இரண்டேகால் ரயிலில் ஏறியதும் கோகிலவாணிக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது, அதுவும் கதவோரம், அதுவும் சனிக்கிழமை. இன்றைக்கு யார் முகத்தில் விழித்தோமோ என்று நினைத்தாள். வேறு யார் முகம், வீட்டுக்காரர் முகம்தான், நாலு மாதமாகத் தினமும் அதே முகம், பக்கவாதத்தில் வலது பக்கம் கொஞ்சம் இறங்கிப்போய், தலையணையெல்லாம் ஈரமாகி. அந்த முகத்தில் விழித்தும் இடம் கிடைக்கிறது என்றால் ராசியில் ஒன்றும் குறைவில்லை. மடியில் துணிப்பை, பைக்குள் பயிற்சித்தாள்கள், எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளி விலை என்கிற கடையில் வாங்கிய ஒன்பது கைக்கண்ணாடிகள். வாங்கியது பத்து. பத்தாவது வீட்டில் அவர் கட்டிலோரம் இருக்கிறது. தோ பாயோவில் இறங்க இருபது நிமிடத்துக்குமேல் ஆகும், அதற்குள் மிச்சமிருக்கும் நாலு வீட்டுப்பாடத்தையும் காதில் வாங்கிவிடலாம். மூன்று மணிக்கு சமூக மன்றத்து இரண்டாம் மாடியில் வகுப்பு. ஒன்பது மாணவர்கள், எல்லாரும் சீனாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிறவர்கள், எழுதச் சொன்னால் ஆங்கிலம் பிழையில்லாமல் எழுதுவார்கள், வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடப் புரியாது. முதல் நாள் இவள் உள்ளே போய் நின்றபோது ஒன்பது பேரும் இவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தார்கள், வெள்ளைக்காரி எப்போது வருவாள் என்று. இவளும் திரும்பிப் பார்த்தாள், வந்தால் நல்லதுதானே, பாதிச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதற்கு முதலில் சிரித்தவர் பெங்தான், பேருந்து ஓட்டுகிற பெங், நாற்பத்தெட்டு வயதுக்குப் பள்ளிப் பிள்ளை மாதிரி முதல் வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த பெங்.

காதில் ஒலிப்பான்களைச் செருகிக்கொண்டு முதலாவதைத் தட்டினாள், முடி திருத்தும் கடை வைத்திருக்கும் மிஸ் தியென். பரவாயில்லை, நாக்கு பல்லுக்கு நடுவில் வருகிறது, போன மாதம்வரை 'திங்க்' என்றால் 'சிங்க்' என்பாள், யோசிக்கச் சொன்னால் மூழ்கிப்போவாள். ஆனால் வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்குகிற பழக்கம் போகவில்லை. அவர்கள் மொழியில் வார்த்தைகள் பெரும்பாலும் வாய் திறந்தபடியோ மூக்கிலோ முடிகின்றன, ஒரு 'ட்'டிலோ 'க்'கிலோ டக்கென்று கதவைச் சாத்த அவர்களுக்கு மனசு வராது. சிலர் விழுங்குவார்கள், சிலர் பின்னால் ஓர் உயிரெழுத்தைக் கட்டி அனுப்புவார்கள். நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம், அப்பா கடைசிவரை 'பஸ்ஸு' 'கப்பு' 'பேங்க்கு' என்றுதான் சொன்னார், உகரம் இல்லாமல் ஒரு பொருளைக் கீழே வைக்க அவருக்கும் தெரியாது. இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கத்தியதில் அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான், விளக்கினால் வராது, பார்த்துப் பார்த்துச் செய்தால்தான் வரும். அதற்காக அவளே ஏற்படுத்திய முறை நிழல் பாடம். அவள் ஒரு பத்தியைத் தன் குரலில் பதிந்து வகுப்பின் கைப்பேசிக் குழுவுக்கு அனுப்புவாள், அவர்கள் அதைக் கேட்டுக் கேட்டு, அவள் குரலுக்குப் பின்னாலேயே நிழலாக நடந்து, அச்சு அசலாகத் திருப்பிப் பதிந்து அனுப்ப வேண்டும். இரண்டே விதி. அர்த்தம் கேட்காதே, சத்தத்தைப் பிடி. எதையும் விடாதே, என் மூச்சையும் விடாதே. நான் இருமினால் நீங்களும் இருமுங்கள் என்று ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லப்போக, அடுத்த வாரம் பெங் தன் பதிவில் சரியான இடத்தில் இருமியிருந்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இவள் அவருக்கு முழு மதிப்பெண் போட்டாள்.

காத்திப் நிலையம் வந்தது, கதவு திறந்து மூடியது, பதிவுசெய்து வைத்த பெண்குரல் நாலு மொழியிலும் எதையோ சொன்னது, தமிழில் சொன்னபோது வழக்கம்போலக் கோகிலவாணி மனசுக்குள் அதன் லகரத்தைத் திருத்தினாள். மற்ற இரண்டு பேரும் முடிந்தார்கள், ஒவ்வொருவரும் நாற்பத்தெட்டு விநாடி, அவள் அனுப்பிய பத்தி அவ்வளவுதான், ஒரு பேருந்து ஓட்டுநர் பழைய சிவப்பு மிதிவண்டி ஒன்றைப் பழுதுபார்த்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற கதை, ரகரமும் லகரமும் கடைசிமெய்யும் வரிக்கு நாலு. பெங்குடையது இப்போதுதான் வந்திருந்தது, கூடவே ஒரு குறிப்பு, 'டீச்சர், லாஸ்ட் பார்ட் வெரி ஹார்ட். ஐ ப்ராக்டிஸ் சிக்ஸ்டி டைம்ஸ்.' அறுபது தடவையா, கடைசி வரியில் என்ன கஷ்டம், 'வேர்ல்ட்' என்ற அந்தப் பாழாய்ப்போன வார்த்தையாகத்தான் இருக்கும் என்று நினைத்தபடி தட்டினாள். ரயில் நீர்த்தேக்கத்தின் ஓரமாக ஓடியது, காத்திப்புக்கும் இயோ சூ காங்குக்கும் நடுவில் நிலையமே கிடையாது, தண்ணீரும் மரமும்தான், வாரத்தில் அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட ஐந்து நிமிடம். பெங்கின் குரல் கனமானது, ஆனால் நடை அவளுடையது, அவள் மூச்செடுக்கும் இடத்தில் மூச்செடுத்து, அவள் இழுக்கும் இடத்தில் இழுத்து. 'வேர்ல்ட்' வந்தது, எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு வந்தது, சபாஷ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், எதிரே நின்ற பையன்கள் பார்த்தார்கள். பத்தி முடிந்தது. பெங் முடியவில்லை. ஓர் அமைதி, அப்புறம் தொண்டையைச் செருமுவதுபோல் அடியிலிருந்து ஒரு சத்தம், அப்புறம் 'ணங்' என்றார். அப்புறம் 'ணங் ணங் ணங்' என்று மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே போனார். இது என்ன கூத்து என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் 'ச்ச' என்றார். அப்புறம் சொன்னார்.

"இப்படிக் கெடக்கறதுக்கு அன்னிக்கே போய்ச் சேர்ந்திருந்தீங்கன்னா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று முகத்துக்குத் தெரியவில்லை. ரயிலில் யாரோ தமிழர் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள், தலையைத் திருப்பி யார் அந்தக் கிராதகன் என்று தேடவும் தேடினாள், பெட்டியில் தமிழ் முகமே இல்லை. பெங் வீட்டில் தமிழ் நாடகம் ஓடுகிறதா, பெங்குக்கு எதற்கு நாடகம். பணிமனையில் தமிழ் ஓட்டுநர்கள் எத்தனை பேர், எவனோ விளையாட்டாகக் கற்றுக்கொடுத்து இந்த அப்பாவியைச் சொல்லவைத்துவிட்டான், இருக்கும், அப்படித்தான் இருக்கும், திங்கட்கிழமை அவனைப் பிடித்து நாலு கேட்க வேண்டும். காதில் பெங் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு பாதியில் மூக்குக்குத் தாவி முடிந்தது. அப்படிப் பெருமூச்சு விடுகிற ஆள் இந்த ஊரிலேயே ஒருத்திதான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை நடித்துக்காட்டி அவளிடமே மாட்டியிருக்கிறார்கள். 'அன்னிக்கே' என்பதில் கேயை அப்படி நீட்டி மிதிக்கிறவளும் அவள்தான். 'ச்ச' அவளுடையது. இரண்டாவது நிம்மதியை முதலாவதைவிடத் தாழ்த்தி, சொல்லி முடித்தவுடன் கடையைச் சாத்துகிற மாதிரி வைப்பதும் அவளுடையது. சீனாவின் ஷாண்டோங்கில் பிறந்த, ஒரு வார்த்தை தமிழ் தெரியாத மனிதர் ஒருவர் அவள் காதுக்குள் உட்கார்ந்து அவளாகவே பேசிக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தாள். ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. மேலே ஏற்றிப்போய் தான் அனுப்பியதைத் தேடினாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு இருபது, அவள் குரல், அதுவும் ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. நாற்பத்தெட்டு விநாடிப் பத்திக்கு ஒரு நிமிடம் பன்னிரண்டு எப்படி என்று அன்றைக்கு ஏன் தோன்றவில்லை, கணக்கு வாத்தியாரின் மகளுக்குக் கழித்தல்கூடவா வரவில்லை.

சொன்னேனா, சொன்னேனா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள், நினைவைப் பிடித்து உலுக்கினாள். அன்றைக்கு அவருக்குக் குடிக்கக் கலந்து வைத்த மைலோ கொட்டியது நினைவிருக்கிறது. ஏழாவது தடவையாகப் பதிந்துகொண்டிருந்தாள், ஒருதடவை மேல்வீட்டுத் துளைபோடும் இயந்திரம், ஒருதடவை லிஃப்ட், ஒருதடவை அவர் இருமல், ஏழாவது தடவைதான் எல்லாம் சரியாக வந்தது, கடைசி வார்த்தையைச் சொல்லி முடித்தாள், உள்ளறையில் எவர்சில்வர் டம்ளர் விழுந்து உருண்டது. விரலை எடுத்தாலும் பதிவு ஓடும்படி பூட்டி வைத்திருந்ததை மறந்து அப்படியே எழுந்துபோனாள். தரை முழுக்க மைலோ, படுக்கை விரிப்பில் மைலோ, காலையில்தான் மாற்றிய விரிப்பு. துணி எடுத்தது நினைவிருக்கிறது, மண்டியிட்டபோது முழங்கால் வலித்தது நினைவிருக்கிறது, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் போன மைலோவைப் பழைய பல்துலக்கியால் எடுத்தது நினைவிருக்கிறது. வாயிலிருந்து வந்தது மட்டும் நினைவில் இல்லை. துணி எடுக்கக் கூடத்துக்கு வந்தபோதே பதிவை நிறுத்தி, கேட்டும் பார்க்காமல் அனுப்பியிருக்கிறாள், துடைத்து முடித்ததும் சோறு வைக்கப் போய்விட்டாள். இப்படியும் உண்டா, மைலோ நினைவிருக்குமாம், சொன்னது நினைவிருக்காதாம், எத்தனை வசதியான மண்டை. அப்படியானால் இதற்குமுன் எத்தனை சொல்லியிருக்கிறேன் என்று ஓர் எண்ணம் ஓடிவந்து நின்றது. இது பதிவானதால் தெரிந்தது. பதிவாகாதது எத்தனை? இயோ சூ காங் வந்ததோ போனதோ அவளுக்குத் தெரியாது. மே மாதத்து மருத்துவமனை நடைபாதை அவள் எதிரில் நீண்டு கிடந்தது, பிழைச்சா போதும் முருகா, கை கால் வராட்டியும் பரவாயில்ல, பேச்சு வராட்டியும் பரவாயில்ல, மனுஷன் கெடந்தா போதும், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கறேன் என்று நேர்ந்துகொண்ட அதே வாய். கெடந்தா போதும் என்று கேட்டவள் இப்படிக் கெடக்கறதுக்கு என்கிறாள். கொடுத்தவன் என்ன நினைப்பான்.

அவர் என்ன நினைப்பார். அவர் என்ன நினைத்தார். கோகிலவாணி இந்தக் கேள்வியின் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பினாள், கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடுவதுபோல. பேச்சுப் பயிற்சி தருகிற ஹெலன் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள், முகத்துக்கு நேராக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, உங்க கணவருக்கு எல்லாம் புரியுது மேடம், உள்ளே போறதுல ஒரு குறையும் இல்ல, வெளியே வர்ற வழிதான் அடைச்சிருக்கு, முதல் ஆறு மாசம் தங்கம் மாதிரி, ஒருநாள்கூட விட்டுடாதீங்க. விட்டுவிடாமல்தான் செய்தாள். தினம் காலையில் எதிரில் உட்கார்ந்து, பத்தாவது கண்ணாடியைப் பிடித்து, உதட்டைச் சேருங்க, ம், மா, மா, உதட்டைச் சேருங்க, பா, பா. தனபாலன் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக முப்பது வருடம் கத்தியவர், கிரேன் சத்தத்துக்கு மேலே கேட்கும் அவர் குரல், காப்பிக்கடையில் அவர் இருக்கும் மேசையை மூன்று கடை தள்ளியே கண்டுபிடிக்கலாம், கொஞ்சம் வாயை மூடுறீங்களா என்று கெஞ்சாத நாள் கிடையாது. அந்த மனிதர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, நெற்றியில் வேர்த்து, மா என்ற ஓர் எழுத்துக்குச் செத்துப் பிழைப்பார். பாதி வரும். பாதி வந்தாலும் வரும். பதினோரு நாளாக அது இல்லை. பதினோரு நாள். விரல் விட்டு எண்ணினாள், புதன், வியாழன், வெள்ளி, திரும்ப எண்ணினாள், பதினொன்றேதான். கண்ணாடியை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார், உதட்டை ஒட்டவைத்த மாதிரி மூடிக்கொள்வார். அடமா, இந்த வயசுல அடமா, யாருக்கு நஷ்டம், எனக்கா என்று இவள் கேட்டிருக்கிறாள், நேற்றுக்கூடக் கேட்டாள். ஹெலனிடம் தொலைபேசியில் புகார் வேறு செய்தாள், ஒத்துழைக்க மாட்டேங்கறாரு, மனச்சோர்வா இருக்குமோ, மாத்திரை எதுவும் இருக்கா. மாத்திரை கேட்டிருக்கிறாள், கடவுளே, மாத்திரை.

அப்புறம்தான் அறுபது தடவை என்பது மண்டையில் ஏறியது. பெங் அதை அறுபது தடவை சொல்லியிருக்கிறார். எங்கே சொன்னார், எப்போது சொன்னார், பேருந்து முனையத்தில் அடுத்த பயணத்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துதான் பயிற்சி செய்வேன் என்று அவரே சொல்லியிருக்கிறார், சத்தமாகச் சொல்ல வேண்டும் டீச்சர், இல்லாவிட்டால் வாய் பழகாது என்பார். சத்தமாக. முனையத்தில். தமிழ் ஓட்டுநர்கள் தேநீர் குடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில், அறுபது தடவை, இப்படிக் கெடக்கறதுக்கு அன்னிக்கே. அதில் ஒருவர் கேட்டிருப்பார், என்னய்யா பெங், யாரைப் பாத்துச் சொல்றே, எங்கே கத்துக்கிட்டே என்று. பெங் முகமெல்லாம் மலர, என் டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்றிருப்பார். அர்த்தம் என்ன தெரியுமா என்று அவர் கேட்டிருப்பார், இவர் கையை ஆட்டி, அர்த்தம் கேட்கக்கூடாது, டீச்சர் விதி என்றிருப்பார். குழுவில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஒன்பது கைப்பேசியிலும் அவள் இருக்கிறாள். மற்ற எட்டுப் பேரும் பத்தி முடிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள், டீச்சர் வீட்டில் ஏதோ சத்தம் என்று நாகரிகமாக விட்டுவிட்டார்கள், நல்ல மாணவர்கள் இல்லை, நல்ல மனிதர்கள். அவள் விரல் தன் பதிவின்மேல் போய் அழுத்தியது. எல்லாருக்கும் நீக்கு என்ற வரி வரவில்லை, அதற்கு இரண்டு நாளுக்குள் புத்தி வந்திருக்க வேண்டும். தனக்கு மட்டும் நீக்கிக்கொள்ளலாமாம். தனக்கு மட்டும் நீக்கித்தானே பதினோரு நாளாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். பெங்மேல் கோபம் வந்தது, பொங்கி வந்தது, ஆளுக்கு ஒரு மூளை வேண்டாமா, டம்ளர் சத்தத்தைக்கூடவா ஒருவன் மனப்பாடம் செய்வான். எதையும் விடாதே என்று சொன்னது யார் என்று அந்தக் கோபமே அவளைத் திருப்பிக் கேட்டது, கேட்டுவிட்டு அடங்கிப்போனது.

இன்னொரு தடவை கேட்டாள். எதற்கென்று தெரியவில்லை, புண்ணை அழுத்திப் பார்ப்பதுபோல. ஒருவேளை அவள் நினைத்த அளவுக்கு இல்லையோ என்னவோ, ஒருவேளை கடைசியில் ஒரு 'சும்மா சொன்னேன்' இருந்து கவனிக்காமல் விட்டோமோ என்னவோ. 'வேர்ல்ட்' வந்தது. அமைதி வந்தது. பெங் தொண்டையைச் செருமினார். கோகிலவாணி நிறுத்தினாள். இருபத்தெட்டு வருடக் காது அது, சத்தத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் அதன் பிழைப்பு. செருமலில் உதடு குவியாது. இதில் உதடு குவிந்திருந்தது. பெங் தொண்டையைச் செருமவில்லை, எதையோ திருப்பிச் சொல்கிறார், மற்ற எல்லாவற்றையும்போல. ஒலிப்பானைக் காதுக்குள் அழுத்திக்கொண்டு மறுபடி ஓட்டினாள். அடித்தொண்டையில் முட்டி, முட்டி, பிறகு திறந்து, குவிந்து, நீண்டு. டம்ளருக்கு முன்னால். டம்ளர் விழுவதற்கு முன்னால். தன்னுடைய பதிவுக்குப் போய் நாற்பத்தெட்டாவது விநாடியில் வைத்தாள், ஒலியைக் கடைசிவரை ஏற்றினாள். அவள் குரல் 'வேர்ல்ட்' என்று காதைக் கிழித்தது. அப்புறம் மின்விசிறி. அப்புறம் தூரத்தில், உள்ளறையில், கதவுக்கு அந்தப் பக்கம், அவர் கூப்பிடுகிற குரல், நாலு மாதமாக அவள் கேட்டிராதது.

"க்... க்... கோ..."

அப்புறம் டம்ளர். கோகி என்றுதான் முப்பத்தோரு வருடமாகக் கூப்பிடுகிறார், வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பட்டறையிலிருந்து வந்து காலணியைக் கழற்றும்போதே கோகி, சோறு நல்லாயிருந்தால் கோகி, சண்டையில்கூடக் கோகி. ஹெலன் உதட்டெழுத்திலிருந்து தொடங்கச் சொன்னாள், மா, பா, அதுதான் சுலபம், ககரமெல்லாம் பின்னால் வரும், கஷ்டம், இப்போது எதிர்பார்க்காதீர்கள் என்றாள். அவர் எதிர்பார்த்திருக்கிறார். யாரும் கேட்காமல், கண்ணாடி இல்லாமல், கட்டிலில் கிடந்தபடி, அவள் கூடத்தில் ஊரான் பிள்ளைகளுக்காக ஏழு தடவை ஒரே பத்தியைப் பதிந்துகொண்டிருந்த நேரத்தில், தனியாக முட்டி முட்டி ககரத்தைக் கண்டுபிடித்து, கோ என்று கூப்பிட்டிருக்கிறார். கேட்கவில்லை. கேட்கவில்லை என்று தெரிந்து டம்ளரைத் தட்டிவிட்டிருக்கிறார், வேண்டுமென்றே, வருவாள் என்று. வந்தாள். வந்து சொன்னாள். வந்து அதைச் சொன்னாள். ஐயோ என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை, எதிரே நின்ற பையன்களில் ஒருவன் குனிந்து, ஆண்ட்டி, ஆர் யூ ஓக்கே என்றான். அவள் அவன் வாயையே பார்த்தாள், ஒருவர் வாய் திறந்து ஒரு சொல் வெளியே வருவதற்கு இத்தனை வேலை நடக்கிறது, இத்தனை தசை, இத்தனை மூச்சு, இதைத்தான் சனிக்கிழமைதோறும் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறாள். கதவு திறந்தது, அங் மோ கியோ, அவள் இறங்கினாள். இறங்கவேண்டிய இடம் அதுவல்ல.

நடைமேடையின் நடுவில் கிடந்த இருக்கையில் பையை வைத்தாள், கண்ணாடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இந்தப் பக்கம் தோ பாயோ போகும் ரயில், அந்தப் பக்கம் யீஷூன் போகும் ரயில், எப்படி நின்றாலும் இரண்டில் ஒன்றுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டியிருந்தது. பெங்கிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. 'டீச்சர், கரெக்ட் ஆர் நாட்?' தட்டச்சு செய்தாள், அழித்தாள், மறுபடி செய்தாள். எல்லாம் சரி திரு பெங், நீங்கள் ஒன்றையும் விடவில்லை, கடைசிப் பகுதியை இனிமேல் சொல்ல வேண்டாம், அது பாடம் இல்லை, என் தவறு. குழுவுக்கு இன்று வகுப்பு இல்லை என்று எழுதினாள், மன்னிப்பும் எழுதினாள், வெளியாட்களிடம் மன்னிப்பு எத்தனை சுலபமாக விரலில் வருகிறது. பிறகு வீட்டை அழைத்தாள். அவர் எடுப்பார், இடது கையால் எடுத்து இடது காதில் வைத்துக்கொள்வார், நகத்தால் தட்டுவார், ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. இது அவளே ஏற்படுத்திய முறை, மருந்து குடிச்சீங்களா, தட்டு, பக்கத்து வீட்டு ரொக்கியா அக்கா எட்டிப் பாத்தாங்களா, தட்டு. கடைசித் தட்டுத் தட்டிய மறுநொடி வைத்துவிடுவார், பேச முடியாத மனுஷனுக்கு போனை வைக்க மட்டும் என்ன அவசரம் என்று அதற்கும் இவளிடம் ஒரு பேச்சு உண்டு. நாலு தடவை மணி அடித்தபின் எடுத்தார். மூச்சு கேட்டது, பின்னால் தொலைக்காட்சி.

"நான்தாங்க."

தட்டு.

"அன்னிக்கு... அந்த மைலோ கொட்டுன அன்னிக்கு. நீங்க என்னைக் கூப்புட்டீங்களா?"

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. அவர் நிறுத்தியிருக்கிறார், அதற்குக் கைப்பேசியைக் கீழே வைத்து, தொலையியக்கியைத் தேடி எடுத்து அழுத்தி, மறுபடி எடுத்திருக்க வேண்டும், அத்தனை நேரம் ஆனது. தட்டு.

"எனக்குக் கேக்கலங்க. சத்தியமாக் கேக்கல. இப்பத்தான் கேட்டேன், ரயில்ல." அது எப்படி என்று அவருக்கு விளங்காது, விளக்கவும் அவளிடம் மூச்சில்லை. "அப்பறம் நான் ஒண்ணு சொன்னேன்ல. அதுனாலதான் நீங்க வாயத் தொறக்கலியா?"

தட்டு.

"அது மனசாரச் சொன்னதில்லங்க."

தட்டு. அவள் மூச்சு விடப் போனாள். தட்டு.

இரண்டு. இல்லை என்கிறார். இரண்டாவது தட்டு ஒரு பிசகாக இருக்குமோ, நகம் தானாகப் பட்டிருக்குமோ என்று அவள் மனசு ஓடிப்போய் ஒளிய இடம் தேடியது. பிசகு இல்லை. முப்பது வருடம் ஆபத்து எங்கே என்று சுட்டிக்காட்டிச் சம்பளம் வாங்கிய மனுஷன். அந்தக் கேயை அவர் கேட்டிருக்கிறார், இரண்டாவது நிம்மதி எப்படி இறங்கி வந்து உட்கார்ந்தது என்று கேட்டிருக்கிறார், பெங்குக்குப் பிடிபட்டது அவருக்குப் பிடிபடாதா. பொய் சொல்லலாம், கோபத்துல வாய் தவறிடுச்சுங்க என்று சொல்லலாம், ஊரே அப்படித்தான் சொல்லும், அவரும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வைத்துவிடுவார், நாளைக்கும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். யீஷூன் ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது.

"ஆமாங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை, நடையே இல்லாத குரலாக இருந்தது. "அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னேன். களைச்சுப் போயிட்டேன். சொன்னேன்."

கதவு மூடியது, ரயில் போனது. கைப்பேசியில் ஒன்றுமில்லை, மூச்சுகூட இல்லை, வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தாள், விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிறகு வந்தது. ஒரே ஒரு தட்டு. இரண்டாவதற்காகக் காத்திருந்தாள், வரவில்லை.

"இன்னொரு தடவை கூப்புடுறீங்களா?" என்று கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது, அது அவளுக்கே தெரிந்தது. வகுப்பில் ஒருவர் வாய் திறக்கத் தயங்கினால் அவள் மனசுக்குள் மூன்று எண்ணுவாள், மூன்றாவதில் அடுத்தவரிடம் போய்விடுவாள். இப்போது எண்ணவில்லை. ஆமாம் என்று தட்டவில்லை அவர், இல்லை என்றும் தட்டவில்லை. வைக்கவும் இல்லை. அடுத்த ரயில் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், பதிவுக் குரல் நாலு மொழியிலும் கதவு மூடப்போகிறது என்றது. கோகிலவாணி ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு மற்றக் காதில் கைப்பேசியை அழுத்திக்கொண்டு நின்றாள்.